தெருவிளக்கும் நீதிபீடமும்
(நீதியரசர் சர் தி. முத்துசாமி ஐயரின் வாழ்க்கை வரலாறு)

நம் இருங்காட்டுக்கோட்டையில் இப்போதெல்லாம் இரவு என்பதே இல்லை என்று சொல்லலாம். பெங்களூர் நெடுஞ்சாலையில் வரிசை வரிசையாக விளக்குகள். சிப்காட் தொழிற்சாலைகளின் வாயில்களில் பகலைப் போன்ற வெளிச்சம். நம் மாணவிகளில் பலருடைய தந்தையரும், சிலருடைய அன்னையரும் அந்த வெளிச்சத்திலேதான் இரவு ஷிப்டுக்குச் சென்று வருகிறார்கள். வீட்டில் விளக்கில்லை, அதனால் படிக்க முடியவில்லை என்று சொல்லும் மாணவி இன்று நம்மிடையே இல்லை.

சென்னை நகரத்தில் ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏழை மாணவர் இருந்தார். விளக்கெரிக்க எண்ணெய் வாங்கக் காசில்லாமல் தெருவிளக்கின் கீழ் அமர்ந்து பாடம் படித்தார் என்று அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவரே பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சர் முத்துசாமி ஐயர். தெருவிளக்குக் கதையை நம் பாட்டனார் காலத்திலிருந்தே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறார்கள். ஆனால், தகுதியெல்லாம் பெற்று அவர் நீதிபீடத்தின் படியில் கால் வைத்தபோது அதை எதிர்த்தவர்கள் யார், அவருக்காக வாய் திறந்தவர்கள் யார் என்ற பிற்பகுதியைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நாம் அறிய வேண்டியது அந்தப் பகுதியையுந்தான்.

இளமையும் வறுமையும்

முத்துசாமி ஐயர் 1832-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28-ஆம் நாள் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த உச்சுவாடி என்ற சிற்றூரில் பிறந்தார். குடும்பம் மிகவும் ஏழ்மையானது. அறியாப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பிழைப்பை நாடிக் குடும்பம் திருவாரூருக்குச் சென்றது. அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் 'தி' என்ற எழுத்து அந்தத் திருவாரூரையே குறிக்கும். சில ஆண்டுகளில் தாயையும் இழந்து அநாதையானார். பள்ளிக்கூடம் செல்ல வேண்டிய வயதில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 1 ரூபாய்.

ஒரு ரூபாய்ச் சம்பளக்காரச் சிறுவன்தானே என்று அவர் தம் வேலையை அலட்சியமாகச் செய்யவில்லை. திருவாரூரில் அப்போது தாசில்தாராக இருந்தவர் முத்துசாமி நாயக்கர். ஒரு நாள் ஆற்றின் கரையில் உடைப்பு ஏற்பட்டதாகத் தாசில்தாருக்குச் செய்தி வந்தது. அனுப்புவதற்குப் பெரிய உத்தியோகஸ்தர் எவரும் அருகில் இல்லை. அங்கிருந்த சிறுவனையே பார்த்துவரச் சொன்னார் தாசில்தார். சிறுவன் ஓடிப்போய்ப் பார்த்தான். உடைப்பு எவ்வளவு அகலம், அடைப்பதற்கு என்னென்ன பொருள் வேண்டும், எத்தனை ஆட்கள் தேவை என்று ஒன்று விடாமல் வந்து சொன்னான். இவ்வளவு சிறிய பையன் சொல்வதை நம்பலாமா என்று தாசில்தாருக்கு ஐயம். பிறகு அனுபவமுள்ள அதிகாரி சென்று பார்த்துவிட்டு, பையன் சொன்னது அனைத்தும் சரியே என்று உறுதி கூறினார்.

அன்றிலிருந்து தாசில்தாரின் பார்வை அந்தச் சிறுவன் மீது விழுந்தது. இவன் ஏட்டில் வரி எழுதிக்கொண்டே காலம் கழிக்க வேண்டியவன் அல்லன் என்று கண்டுகொண்டார். பெயர் ஒன்றுதானே தவிர, இருவருக்கும் உறவு கிடையாது, சாதியும் வேறு. இருந்தும் அவர் அந்தச் சிறுவன் ஆங்கிலக் கல்வி கற்க ஏற்பாடு செய்து, சென்னைக்கும் அனுப்பி வைத்தார். முத்துசாமியின் தகுதியை முதன்முதலாகக் கண்டு ஆதரித்தவர் இந்தத் தாசில்தாரே. அவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால், நாடு ஒரு நீதியரசரை இழந்திருக்கும்.

படிப்படியாக உயர்ந்த படிப்பும் பதவியும்

சென்னையில் முத்துசாமி படித்த உயர்நிலைப் பள்ளியே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. பவல் துரை என்ற புகழ்பெற்ற ஆசிரியர் அதன் தலைவராக இருந்தார். தெருவிளக்கில் படித்த மாணவர் ஆண்டுதோறும் பரிசுகளைப் பெற்றார். 1854-இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டி ஒன்றில் முதற்பரிசாக 500 ரூபாய் அவருக்குக் கிடைத்தது. மாதம் ஒரு ரூபாய்க்கு வேலை பார்த்த சிறுவனுக்கு இது நாற்பது ஆண்டுச் சம்பளத்தைவிட அதிகம் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்!

படிப்பு முடிந்ததும் ஆசிரியராகச் சில காலம் பணி செய்தார். பிறகு தஞ்சைக் கலெக்டர் கச்சேரியில் ஆவணக் காப்பாளராக இருந்தார். பள்ளிகளின் துணை ஆய்வாளராகவும் ஊர் ஊராகச் சென்றார். இதற்கிடையில் வழக்கறிஞர் தேர்வு எழுதி அதில் முதலாவதாகத் தேறினார். தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீபாக நியமனம் பெற்றார். 1859-இல் டெபுடி கலெக்டரானார். 1865 முதல் மங்களூரில் சார்பு நீதிபதியாக இருந்தார். 1868-இல் சென்னை நகரத்தின் போலீஸ் மாஜிஸ்திரேட் ஆனார். 1871-இல் சிறு வழக்கு நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தார்.

இந்தப் பதவிகளின் பெயர்களை வேண்டுமென்றேதான் வரிசையாக எழுதினோம். ஒரே தாவலில் மாடி ஏறியவர் அல்லர் அவர். ஒவ்வொரு படியிலும் நின்று, அந்தப் படியின் வேலையைக் கற்றுத் தேர்ந்து, அடுத்த படிக்குச் சென்றவர். வயலையும் வரியையும் கணக்கு அலுவலிலும், கிராமத்தாரின் வழக்கையும் வம்பையும் முன்சீப் கோர்ட்டிலும் அறிந்தார். சிறு வியாபாரிகளின் கடன் தகராறுகளைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் கண்டார். பதவியில் இருந்துகொண்டே சட்டப் பட்டமும் பெற்றார். அதோடு நில்லாமல், ஜெர்மானியச் சட்ட அறிஞர்களின் நூல்களை நேரே படிக்க வேண்டும் என்பதற்காக ஜெர்மன் மொழியையும் கற்றார். நாற்பது வயதை ஒட்டிய ஒருவர், நாள் முழுதும் வழக்குக் கேட்டுவிட்டு வந்து, மாணவரைப் போல் புதிய மொழியின் இலக்கணத்தைப் படித்தார் என்றால், தேர்வு முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடும் நாம் சற்று வெட்கப்பட வேண்டியதுதான்.

அஞ்சாத மாஜிஸ்திரேட்

அவர் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்று அவரைப் பற்றிய வரலாறுகளில் தவறாமல் இடம் பெறும். சென்னையில் ஆங்கிலேயர் ஒருவர், தம் இடத்திற்குள் நுழைந்த இந்தியர் ஒருவரை அடித்துவிட்டார். அடித்தவர் சாதாரண மனிதர் அல்லர், உயர்நீதிமன்றத்தின் நீதிபதியே ஆவார். அடிபட்டவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முறையிட்டார். இந்த வழக்கை எடுக்க வேண்டாம் என்று மேலிடத்தில் ஆட்சேபம் எழுந்தது. மேலே இருப்பவரை விசாரித்தால் தம் எதிர்காலம் என்னவாகும் என்று நினைப்பது மனித இயல்பு. முத்துசாமி ஐயர் அப்படி நினைக்கவில்லை. வழக்கை முறைப்படி விசாரித்தார். குற்றம் மெய்ப்பட்டதும் 3 ரூபாய் அபராதம் விதித்தார்.

மூன்று ரூபாய் சிறு தொகை. ஆனால், அடித்தவர் யாராயினும் அடிபட்டவர் யாராயினும் சட்டத்தின் முன் இருவரும் மனிதரே என்பதை அந்த மூன்று ரூபாய் ஊருக்குச் சொல்லிவிட்டது. நீதிபதியாவதற்குச் சட்ட அறிவு ஒரு கண் என்றால் அஞ்சாமை மற்றொரு கண். அவரிடம் இரண்டும் இருந்தன.

1878-ஆம் ஆண்டு எழுந்த எதிர்ப்பு

சென்னை உயர்நீதிமன்றம் 1862-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அக்காலத்தில் நம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. இந்த ஏரிப் பாசன ஊர்களில் ஒரு குடியானவருக்கு நில வழக்கு ஏற்பட்டு, கீழ்க் கோர்ட்டுகளைத் தாண்டிச் சென்றால், கடைசியில் சென்னை உயர்நீதிமன்றத்தில்தான் போய் நிற்கும். அங்கே நீதிபீடத்தில் அமர்ந்தவர்கள் அனைவரும் ஆங்கிலேயர். அவர் பேசும் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நீதிபதி ஒருவர்கூட அங்கு இல்லை. கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் சம்புநாத் பண்டிதர் 1863-லேயே இந்திய நீதிபதியாக அமர்ந்துவிட்டார். சென்னையோ மேலும் பல ஆண்டுகள் காத்திருந்தது.

நீதிபதியாவதற்கு என்ன தகுதி வேண்டும் என்பதை 1861-ஆம் ஆண்டு உயர்நீதிமன்றச் சட்டம் தெளிவாக வகுத்திருந்தது. வழிகள் நான்கு. 5 ஆண்டு அனுபவமுள்ள பாரிஸ்டராக இருக்கலாம். 10 ஆண்டு சிவில் சர்வீஸில் இருந்து, அதில் 3 ஆண்டு மாவட்ட நீதிபதி வேலை பார்த்தவராக இருக்கலாம். சிறு வழக்கு நீதிமன்ற நீதிபதி முதலான நீதித்துறைப் பதவியில் 5 ஆண்டு இருந்தவராக இருக்கலாம். அல்லது 10 ஆண்டு அனுபவமுள்ள வக்கீலாக இருக்கலாம். முதல் இரண்டு வழிகளுக்கும் சீமைக்குக் கப்பலேறிச் சென்று படிக்கவோ தேர்வெழுதவோ வேண்டியிருந்தது. ஆகவே அவை பெரும்பாலும் ஆங்கிலேயருக்கே திறந்திருந்தன. மேலும், நீதிபதிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பாரிஸ்டர்களும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சிவில் சர்வீஸ்காரர்களும் இருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்லிற்று. மற்றவர்களுக்கு எஞ்சியது சிறு இடமே.

அந்தச் சிறு இடத்திற்கும் முத்துசாமி ஐயர் முழுத் தகுதியோடு வந்தார். மங்களூரில் சார்பு நீதிபதியாக இருந்தார். சென்னையில் சிறு வழக்கு நீதிமன்றத்தில் 1871 முதல் இருந்தார். சட்டம் கேட்ட 5 ஆண்டை அவர் எப்போதோ கடந்துவிட்டார். அரசாங்கமும் அவரை உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமித்தது.

1878-ஆம் ஆண்டில் நகரமெங்கும் இதே பேச்சாயிற்று. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இந்த நியமனத்தைக் குறை கூறி எழுதின. இந்தியர் ஒருவர் உயர்நீதிமன்றத்தில் அமர்வதை அவர்களால் ஏற்க முடியவில்லை. முத்துசாமி ஐயரோ தம் பதவியின் கண்ணியத்தைக் கருத வேண்டியவர். நீதிபதியாக இருப்பவர் பத்திரிகைகளோடு சண்டைக்குப் போக முடியுமா? தமக்காகத் தாமே வாதாட முடியாத இடத்தில் அவர் இருந்தார். அவருக்காகப் பேச வேண்டியவர்கள் மற்றவர்களே. ஆனால், சென்னையில் இந்தியரின் கருத்தை எடுத்துச் சொல்ல வலிமையான ஆங்கிலப் பத்திரிகை ஒன்றும் இல்லை.

ஆறு இளைஞர்கள்

திருவல்லிக்கேணியில் ஓர் இலக்கியச் சங்கம் இருந்தது. அதில் கூடிப் பேசும் ஆறு இளைஞர்கள் இந்தக் குறையை உணர்ந்தார்கள். ஜி. சுப்பிரமணிய ஐயர், எம். வீரராகவாச்சாரியார் ஆகிய இருவரும் ஆசிரியர்கள். டி.டி. ரங்காச்சாரியார், பி.வி. ரங்காச்சாரியார், டி. கேசவராவ் பந்த், என். சுப்பாராவ் பந்துலு ஆகிய நால்வரும் சட்டம் பயிலும் மாணவர்கள். தலைவராக விளங்கிய சுப்பிரமணிய ஐயருக்கே அப்போது வயது 23-தான். கையில் பணமில்லை. 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கினார்கள். 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் ஒரு வாரப் பத்திரிகையின் முதல் இதழை 80 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டார்கள். அதற்கு இந்து என்று பெயர் வைத்தார்கள். இன்றும் நம் பள்ளி நூலகங்களிலும் வீடுகளிலும் காலையில் வந்து விழுகிற இந்து நாளிதழ் பிறந்த கதை இதுவே. ஒரு நீதிபதியின் நியமனத்தை ஆதரிக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து ஒரு பெரிய பத்திரிகையே பிறந்தது.

இந்த ஆறு பேருக்கும் இதனால் என்ன லாபம்? முத்துசாமி ஐயர் நீதிபதியானால் இவர்களுக்குப் பதவி கிடைக்கப் போவதில்லை. ஆளுகிறவர்களின் பத்திரிகைகளை எதிர்த்தால் இடையூறே வரும். ஆனால், சட்டம் வகுத்த தகுதி ஒருவருக்கு முழுமையாக இருக்கும்போது, நிறத்தையும் பிறப்பையும் காட்டி அவரை விலக்கினால், அது அவருக்கு மட்டும் இழைக்கும் அநீதி அன்று. நாளை தகுதியோடு வரப்போகும் ஒவ்வொருவர் முகத்திலும் கதவை அடைப்பதாகும். இதனை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இங்கே மாணவிகள் ஒன்றை நுட்பமாகக் கவனிக்க வேண்டும். நம்மவர் என்பதற்காக ஒருவரை ஆதரிப்பது வேறு. தகுதியுள்ளவர் என்பதற்காக ஆதரிப்பது வேறு. அந்நியர் என்பதற்காக எதிர்ப்பது எவ்வளவு தவறோ, தகுதியைப் பாராமல் நம்மவர் என்பதற்காக மட்டும் ஆதரிப்பதும் அவ்வளவு தவறே. முத்துசாமி ஐயரை ஆதரித்தது சரியான செயலானதற்குக் காரணம், அவர் இந்தியர் என்பது மட்டுமல்ல. முன்சீப் கோர்ட்டு முதல் சிறு வழக்கு நீதிமன்றம் வரை அவர் வழங்கிய தீர்ப்புகள் அவருக்குச் சாட்சியாக நின்றன.

நீதிபீடத்தில்

எதிர்ப்புகளுக்கெல்லாம் தம் வேலையாலேயே விடை கொடுத்தார் முத்துசாமி ஐயர். ஏறத்தாழ 17 ஆண்டுகள் உயர்நீதிமன்றத்தில் பணியாற்றினார். இந்துச் சட்டம் பற்றிய அவருடைய தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நெடுங்காலம் மேற்கோளாகக் கொண்டார்கள். 1891-இல் மலபார் திருமணக் கமிஷனின் தலைவராக நியமிக்கப்பட்டார். அந்நாளில் மலபாரில் தாய்வழி முறையைப் பின்பற்றிய குடும்பங்களின் திருமணங்களை ஆங்கிலேயர் கோர்ட்டுகள் சட்டப்படியான திருமணமாக ஏற்பதில்லை. மனைவி என்ற உரிமையும், தந்தையிடம் பிள்ளைகளுக்கு உள்ள உரிமையும் கேள்விக்குரியனவாக இருந்தன. பெண்களின் வாழ்வைத் தொட்ட இந்தச் சிக்கலை ஆராய்ந்த குழுவிற்கு அவர் தலைமை தாங்கினார். அதன் தொடர்ச்சியாக 1896-இல் மலபார் திருமணச் சட்டம் வந்தது.

1892-இல் உயர்நீதிமன்றம் இப்போதுள்ள செந்நிறக் கட்டடத்திற்கு மாறியது. 1893-இல் முத்துசாமி ஐயர் சில மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் அமர்ந்தார். அதே ஆண்டில் சர் பட்டமும் பெற்றார். 1895-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள், தம் அறுபத்து மூன்றாம் பிறந்த நாளுக்கு மூன்று நாட்களே இருந்தபோது, காலமானார். அவருக்குப் பின் எஸ். சுப்பிரமணிய ஐயர் நீதிபதியானார். தொடர்ந்து இந்தியர் பலர் வந்தார்கள். உயர்நீதிமன்றத்தின் நிரந்தரத் தலைமை நீதிபதியாக ஓர் இந்தியர், பி.வி. ராஜமன்னார், அமர்வதற்கு 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் கதவு திறந்து 70 ஆண்டுகள்! சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தில் முத்துசாமி ஐயரின் பளிங்குச் சிலை இன்றும் இருக்கிறது. சென்னைக்குச் செல்லும் மாணவிகள் வாய்ப்புக் கிடைத்தால் கண்டு வரலாம்.

பெண்களுக்குத் திறந்த கதவு

முத்துசாமி ஐயர் காலத்தில் பெண்கள் வழக்கறிஞராகவே முடியாது. 1923-ஆம் ஆண்டில்தான் அந்தத் தடையைச் சட்டம் நீக்கியது. திருவிதாங்கூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1905-இல் பிறந்த அன்னா சாண்டி அம்மையார் சட்டம் படித்து வழக்கறிஞரானார். பெண்களுக்கு அரசுப் பதவி எதற்கு என்று கேட்டவர்களோடு மேடையில் வாதாடினார். 1937-இல் திருவிதாங்கூர் திவானாக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயர் அவரை முன்சீபாக நியமித்தார். 1948-இல் மாவட்ட நீதிபதியானார். 1959-இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியானார். இந்தியாவில் அப்பதவியை அடைந்த முதல் பெண்மணி அவரே. முன்சீப், மாவட்ட நீதிபதி, உயர்நீதிமன்ற நீதிபதி என்று இவரும் படிப்படியாகவே ஏறினார் என்பதைக் காண்க.

அமெரிக்க நாட்டில் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு ஜனாதிபதி ஒருவரை முன்மொழிவார். செனட் சபை அவரை விசாரித்து, வாக்கெடுத்து உறுதி செய்ய வேண்டும். சாண்ட்ரா டே ஓ'கானர் என்ற அம்மையார் சிறந்த முறையில் சட்டம் படித்துத் தேறியபோது, பெண் என்பதால் அவருக்கு வழக்கறிஞர் நிறுவனங்கள் வேலை தர மறுத்தன. அதே அம்மையாரை 1981-இல் உச்சநீதிமன்றத்திற்கு முன்மொழிந்தபோது செனட் சபையில் 99 பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். எதிராக ஒருவரும் இல்லை. கட்சி வேறுபாடுகளை மறந்து தகுதியை ஆதரித்த நாள் அது.

நம் நாட்டில் முறை வேறு. உயர்நீதிமன்ற நீதிபதிகளை நம் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். மூத்த நீதிபதிகள் கொண்ட குழு பெயர்களைப் பரிந்துரைக்கிறது. பத்தாண்டுகள் நீதித்துறைப் பதவியிலோ, உயர்நீதிமன்ற வழக்கறிஞராகவோ இருந்திருக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் தகுதி வகுத்திருக்கிறது. முறை எதுவானாலும் அடிப்படை ஒன்றே: தகுதியுள்ளவர் வர வேண்டும், வந்தவரைத் தகுதியல்லாத காரணம் காட்டித் தடுக்கக் கூடாது, நாற்காலி வெறுமையாக நெடுநாள் கிடக்கவும் கூடாது. நீதிபதி இல்லாத கோர்ட்டில் வழக்கு நகராது. விபத்தில் கை இழந்த தொழிலாளிக்கு ஈட்டுத்தொகை, நிலம் கொடுத்த குடியானவருக்கு உரிய விலை, கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்கு ஜீவனாம்சம் இவையெல்லாம் அந்த நாற்காலியை எதிர்பார்த்தே காத்துக் கிடக்கின்றன. ஏரிகளும் வயல்களும் தொழிற்சாலைகளும் அடுத்தடுத்து நிற்கும் நம் வட்டாரத்தாருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நமக்கு ஒரு பாடம்

விவிலியத்தில் சாலமோன் மன்னர் இறைவனிடம் செல்வத்தையோ நீண்ட ஆயுளையோ கேட்கவில்லை. மக்களுக்கு நீதி வழங்கவும், நன்மை தீமையைப் பகுத்தறியவும் வல்ல உள்ளத்தையே கேட்டார். இஸ்ரயேல் மக்களுக்குத் தெபோரா என்ற பெண்மணி பேரீச்ச மரத்தடியில் அமர்ந்து நீதி வழங்கினார். மக்கள் தங்கள் வழக்குகளைத் தீர்க்க அவரிடம் சென்றார்கள். பெண் என்று எவரும் அவரை ஒதுக்கவில்லை. மறைக்கல்வி வகுப்பில் நாம் அறிந்த இவ்விருவரையும் முத்துசாமி ஐயரின் வரலாற்றோடு சேர்த்து எண்ணிப் பார்ப்போம்.

மாணவிகளே! நம்மில் யார் நீதிபதியாவார், யார் மருத்துவராவார், யார் தொழிற்சாலையில் பொறியாளராவார் என்பது இறைவனுக்கே தெரியும். எப்பதவியானாலும் அதற்குரிய தகுதியைத் தேடிக்கொள்வது நம் கடமை. ஆற்றங்கரை உடைப்பை அளந்து சொன்ன சிறுவனைப் போல, கையிலிருக்கும் சிறு வேலையைச் சரியாகச் செய்வதே அதற்குத் தொடக்கம்.

மற்றொரு கடமையும் நமக்கு உண்டு. வகுப்பில் தலைவி ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது, அவள் விடுதிப் பெண், அவள் தந்தை ஒப்பந்தக் கூலி, அவள் வெளி மாநிலத்திலிருந்து வந்தவள், அவளுக்குத் தமிழ் சரியாக வராது என்று யாராவது முணுமுணுப்பார்கள். அவளே அந்தப் பொறுப்புக்கு ஏற்றவள் என்று நம் மனத்திற்குத் தெரிந்தும், நமக்கேன் வம்பு என்று நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். தனக்காகத் தானே பேச அவளுக்குக் கூச்சமாயிருக்கும். அந்த வேளையில் எழுந்து நின்று, இவள் தகுதியுள்ளவள் என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு 1 ரூபாய் 12 அணாகூடச் செலவில்லை. கொஞ்சம் துணிவு இருந்தால் போதும்.

ஓர் ஏழைச் சிறுவனைத் தாசில்தார் ஒருவர் கைதூக்கிவிட்டார். அவன் இரவு பகலாகப் படித்துத் தகுதி பெற்றான். ஆறு இளைஞர்கள் அவனுடைய தகுதிக்காகக் குரல் கொடுத்தார்கள். மூன்றும் சேர்ந்ததால் நாட்டிற்கு நல்ல நீதிபதி கிடைத்தார். நம் பள்ளியிலிருந்தும் ஒரு நாள் நீதியரசி ஒருத்தி புறப்படட்டும். அவளுடைய தகுதிக்குச் சான்று கூற அன்று நாமும் முன்னால் நிற்போம். எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அந்த உள்ளத்தைத் தருவாராக!